நின்று கெட்ட பேரிங்

கேள்வி: ராணுவம் கழித்துவிட்ட பழைய ஒற்றை அச்சு டிரெய்லர் ஒன்றை ஏலத்தில் எடுத்திருக்கிறேன். கால் டன் ரகம். ஆறேழு வருடம் ஒரே இடத்தில் நின்றதாம். ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைச் சுற்றினால் சத்தமே இல்லை. “பேரிங் நன்றாகத்தான் இருக்கிறது, கொஞ்சம் கிரீஸ் அடித்துவிட்டு ஓட்டு” என்கிறார் நண்பர். அப்படிச் செய்யலாமா?

பதில்: கிரீஸை எங்கே அடிக்கச் சொல்கிறார் உங்கள் நண்பர்? அந்தக் காலத்து டிரெய்லர்கள் பலவற்றில் ஹப்பில், அதாவது பேரிங் உட்காரும் சக்கர நடுக்குடத்தில், கிரீஸ் அடிக்கும் நிப்பிளே கிடையாது. கழற்றித்தான் ஆக வேண்டும்.

தூக்கிவைத்த சக்கரத்தில் பாரம் இல்லை. பாரமில்லாத பேரிங் நல்ல பிள்ளையாகத்தான் சுற்றும். நானும் ஒருமுறை அதை நம்பினேன். நாலு வருடம் நின்ற டிரெய்லர். சுற்றிப் பார்த்தேன், தொப்பியைக் கழற்றிப் புது கிரீஸை மேலாக அப்பினேன், கிளம்பிவிட்டேன். முப்பது கிலோமீட்டர்கூடத் தாண்டவில்லை, கருகல் வாடை. ஹப்பில் பெயிண்ட் கொப்பளித்திருந்தது. பிரித்தால், பழைய கிரீஸ் சோப்புக்கட்டி மாதிரி இறுகி ஒரு ஓரமாக ஒதுங்கிக் கிடக்க, உருளைகள் வெறும் இரும்பாக நீலம் பாய்ந்திருந்தன.

ஓடிக் கெட்ட பேரிங்கைவிட நின்று கெட்டதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நிற்கும்போது உருளைகள் ஒரே இடத்தில் அழுந்திக் கிடக்கும். கிரீஸிலிருந்து எண்ணெய் பிரிந்து வடிந்துவிடும். அந்த இடைவெளியில் ஈரம் சேரும். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துவிட்டு, ஹப்பில் இறுக்கி அடித்திருக்கும் வெளி வளையத்தை, அதாவது கப்பை, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஏணிப்படி மாதிரி சம இடைவெளியில் மங்கலான கோடுகள் தெரிகின்றனவா? நகத்தை மெல்ல இழுத்துப் பாருங்கள். நகம் தட்டினால் அந்த பேரிங் முடிந்தது. நிறம் மட்டும் மாறி நகம் தட்டவில்லையென்றால் இன்னும் ஓட்டலாம். கழுவிய பேரிங்கைக் காற்றடித்துச் சுழலவிட்டு வேடிக்கை பார்க்காதீர்கள்; உருளை தெறித்தால் கண் போகும்.

மாற்றுவதானால் கோன் (உருளைகளோடு இருக்கும் உள் வளையம்), கப் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். டிரெய்லரின் பெயரைச் சொல்லித் தேடி அலைய வேண்டாம். பேரிங்கின் முகப்பிலேயே எண் பொறித்திருக்கும், அது போதும். கப்பைப் பித்தளைத் தண்டு வைத்து, சுற்றிச் சுற்றி மாறி மாறித் தட்டி இறக்குங்கள். அடியில் உட்கார்ந்ததும் தட்டும் ஓசை ‘டொக்’கிலிருந்து ‘டங்’ என்று மாறும்.

கிரீஸ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. அமெரிக்க ராணுவச் சரக்கோடு ஜி.ஏ.ஏ. என்று எழுதிய பழைய ராணுவ கிரீஸ் டின்னும் சில சமயம் வரும். நல்ல கிரீஸ்தான், ஆனால் டின்னுக்கு எத்தனை வயதோ! நான் லித்தியம் காம்ப்ளெக்ஸ், கெட்டித்தன்மையில் 2-ஆம் எண் கிரீஸ்தான் போடுவேன். எதைப் போட்டாலும் பழையதை ஒரு பொட்டுகூட மிச்சம் வைக்காதீர்கள். களிமண் அடிப்படையிலான கிரீஸோடு லித்தியம் கலந்தால் இளகித் தண்ணீராகிவிடும். உள்ளங்கையில் ஒரு உருண்டை வைத்து, கோனின் அகன்ற பக்கத்தை அதில் இடித்து இடித்து அழுத்துங்கள். மறுபக்கம் உருளைகளின் இடையில் புழுபுழுவாகக் கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை விடாதீர்கள்.

அப்புறம்தான் முக்கியமான வேலை. 1898-இல் ஹென்றி டிம்கன் காப்புரிமை வாங்கிய கூம்பு உருளை பேரிங்கின் வாரிசுதான் இதுவும். கூம்பாக இருப்பதால், எவ்வளவு இறுக்கம் என்பதை நட்டைப் பிடித்திருக்கும் கைதான் தீர்மானிக்கிறது. பேரிங்கைப் பிடிக்க உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு நட் இருக்கும். ஹப்பைச் சுற்றிக்கொண்டே, கனமாகச் சுழலும் வரை உள் நட்டை இறுக்குங்கள். உருளைகள் இடம் பிடித்து உட்காரத்தான் இது. பிறகு கால் சுற்று தளர்த்தி, ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, விரலால் மட்டும் திருகித் தொட்டு நிறுத்துங்கள். அதன்மேல் லாக் வாஷர், பிறகு வெளி நட். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வெளி நட்டை இறுக்கும்போது மரையில் இருக்கும் நூலிழைத் தளர்வு அடைபட்டு உள் நட் உள்ளே தள்ளப்படும். அதனால் எல்லாம் இறுக்கிய பிறகு மறுபடி பாருங்கள். நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜ் இருந்தால் 0.03 முதல் 0.12 மில்லிமீட்டர் ஆட்டம் சரி. இல்லையென்றால் சக்கரத்தை மாட்டி, மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருக்கிறதா இல்லையா என்று கைக்கே சந்தேகம் வர வேண்டும். ஆட்டமே இல்லையென்றால் சந்தோஷப்படாதீர்கள், தளர்த்துங்கள்.

முதல் ஓட்டத்தில் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் நிறுத்தி, இரண்டு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை. ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் திரும்பப் பிரிக்க வேண்டியதுதான்.

கேள்வி: என் டிரெய்லரை அடிக்கடி ஓடையில் இறக்குகிறேன். ஹப்பில் தண்ணீர் புகாமல் தடுக்கும் சீல் புதுசு. பேரிங்கைத் திறந்து பார்க்க வேண்டுமா?

பதில்: ஹப் மூழ்கியதா? அப்படியானால் திறந்து பாருங்கள். ஓடிச் சூடான ஹப் குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும்; சுருங்கினால் சீலின் ஓரமாகத் தண்ணீரை உறிஞ்சும். இறக்குவதற்கு முன் அரை மணி நேரம் ஆறவிடுவது நல்லது. கிரீஸ் பால் நிறத்தில் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. சீல் உட்காரும் இடத்தில் ஸ்பிண்டிலில், அதாவது சக்கரம் சுழலும் தண்டில், பள்ளம் விழுந்திருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். பள்ளம் இருந்தால் எத்தனை புது சீல் போட்டாலும் ஒழுகும்.

கேள்வி: இரண்டாம் உலகப்போர் காலத்து ஜீப் டிரெய்லர். இடது பக்கச் சக்கர நட்டுகள் அசையவே மாட்டேன் என்கின்றன. குழாய் மாட்டித் திருகியதில் ஒரு போல்ட் முறிந்துவிட்டது.

பதில்: குழாயைக் கீழே போடுங்கள். அந்தப் பக்கம் இடமரை, இடப்பக்கம் திருகினால் இறுகும். நீங்கள் இவ்வளவு நேரம் இறுக்கிக்கொண்டிருந்தீர்கள்! துருவைத் தேய்த்துப் பாருங்கள், போல்ட் நுனியில் ‘எல்’ என்ற ஆங்கில எழுத்து தெரியலாம். எண்ணெய் ஊற்றி ஒரு ராத்திரி ஊறவிட்டு, வலப்பக்கம் திருகிக் கழற்றுங்கள். முறிந்ததற்குப் பதில் வாங்கும் போல்ட்டும் இடமரைதானா என்று மாட்டுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.