கழுத்தில் ஒட்டும் சென்சார் ஷண்ட் அடைப்பைச் சொல்லுமா?

கேள்வி: ஏற்காட்டில் காபி எஸ்டேட்டில் வேலை செய்கிறேன். ஆறு வயது மகனுக்கு மூளையில் நீர் சேர்ந்து, போன வருடம் அதை வயிற்றுக்கு வடிக்கும் ஷண்ட் என்ற குழாயை வைத்தார்கள். வாந்தி எடுத்தாலே பயந்து சேலத்துக்கு ஓடுகிறோம். ஒவ்வொரு தடவையும் சிடி ஸ்கேன். கழுத்தில் ஒட்டினால் ஷண்ட் ஓடுகிறதா என்று காட்டும் சென்சார் இருக்கிறதாமே, வாங்கலாமா?

பதில்: உங்கள் பயம் நியாயமானதுதான் அம்மா. குழந்தைகளுக்கு வைக்கும் ஷண்ட்களில் ஏறக்குறைய பாதி, இரண்டு வருடத்துக்குள் அடைப்போ வேறு கோளாறோ காண்கின்றன.

சென்சார் செய்தியும் உண்மை. அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜான் ரோஜர்ஸ் குழு 2018-ல் இதை ஆய்வாக வெளியிட்டது. ஷண்ட் குழாய் கழுத்து வழியே வயிற்றுக்கு இறங்கும்போது, காரை எலும்புப் பக்கம் தோலுக்குச் சற்று அடியில்தான் இருக்கும். அங்கே ஒட்டும் மெல்லிய பட்டை தோலைச் சில டிகிரி மட்டும் சூடாக்கி, அதற்கு மேலும் கீழும் வெப்பத்தை அளக்கிறது. வெயிலில் கிடந்த ஓஸ் பைப்பைத் திறந்தால் சூடு தண்ணீரோடு நகர்ந்து வருகிறதே, அதேதான். நீர் ஓடினால் கீழ்ப்பக்கம் சூடு கூடும்.

ஆனால் அது காட்டுவது அந்த நேரத்து ஓட்டத்தை மட்டும். மூளையில் அழுத்தம் ஏறினால்தான் ஷண்டில் உள்ள வால்வு திறக்கும் என்பதால், நல்ல ஷண்டிலும் சில நேரம் ஓட்டம் இருக்காது. படுத்தால் ஒன்று, உட்கார்ந்தால் ஒன்று. "ஓடுகிறது" என்று பார்த்துவிட்டு, சோர்ந்து கிடக்கும் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்வார்களோ என்பதுதான் என் கவலை. மருத்துவர் அறிகுறியோடும் ஸ்கேனோடும் சேர்த்துப் பார்க்க வேண்டிய கருவி இது. கடையில் வாங்கி வீட்டில் ஒட்டிப் பார்ப்பதற்கு அல்ல.

அதைவிட, மகன் நன்றாக இருந்தபோது எடுத்த ஸ்கேனைப் போனில் போட்டோவாக வைத்திருங்கள். மூளைக்குள் நீர் இருக்கும் அறைகளின் அளவு பிள்ளைக்குப் பிள்ளை மாறும். பழையதோடு ஒப்பிட்டால்தான் புதியது பேசும். வால்வின் பெயரையும் எழுதி வையுங்கள். கதிர்வீச்சு இல்லாத வேக எம்ஆர்ஐ எடுக்க முடியுமா என்றும் கேளுங்கள். வெளியிலிருந்து அழுத்தம் மாற்றும் வால்வு என்றால் முன்பே சொல்லிவிடுங்கள், காந்தத்தால் அதன் அளவு மாறக்கூடும்.

சரி, வாந்தி. இருபது கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுத்துவிட்டு, இறங்கியதும் பழையபடி விளையாடினால் பெரும்பாலும் அது மலைப்பாதையின் வேலை. காலையில் தலைவலியோடு வாந்தி, எழுப்பினாலும் தூங்கி வழிவது, கண் மேலே போகாமல் இருப்பது, குழாய் வழியில் சிவப்பு, காய்ச்சல் என்றால் உடனே கிளம்புங்கள். எழுப்ப முடியவில்லை, வலிப்பு என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். நடு ராத்திரி ஆனாலும் விடியட்டும் என்று இருக்க வேண்டாம்.