எடை குறையாத நடை

வணக்கம்.

எனக்கு 52 வயது. நாள் முழுக்கக் கணினி முன் உட்கார்ந்து பார்க்கிற வேலை. ரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று டாக்டர் சொன்னதால், ஐந்து மாதமாகத் தினமும் அரை மணி நேரம் நடக்கிறேன். எடை ஒரு கிலோகூட இறங்கவில்லை. ‘உனக்கு இது ஒத்துவராது, விட்டுவிடு’ என்கிறார்கள் நண்பர்கள். எனக்கும் அலுத்துவிட்டது. இன்னொன்று, என் அம்மாவுக்கு 80 வயது. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் நாற்காலியை விட்டு எழுவதே அபூர்வம். அவரையும் நடக்கச் சொல்லலாமா, இல்லை, இந்த வயதில் தொந்தரவு செய்யாமல் விட்டுவிடலாமா?

ம.

அன்புள்ள ம.,

விட்டுவிடாதீர்கள். உங்களைப் போல ஆர்வமாக நடக்க ஆரம்பித்து, எடை மிஷினைப் பார்த்து மனம் வெறுத்துப் போனவர்கள் நிறையப் பேர். உள்ளே பலன் வந்துகொண்டிருக்கும்போதே நிறுத்திவிடுகிறார்கள். அதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

எடை விஷயத்தை முதலில் முடித்துவிடலாம். அரை மணி நேர நடையில் செலவாவது சுமார் 100 முதல் 150 கலோரி. வீட்டுக்கு வந்ததும் கொஞ்சம் கூடுதலாகப் பசிக்கும், மிச்ச நேரத்தில் நம்மை அறியாமலே கொஞ்சம் அதிகமாக உட்காருவோம். செலவானது திரும்ப வந்துவிடும். தான்சானியாவின் ஹட்சா மக்கள் வேட்டைக்கும் கிழங்கு தோண்டவும் தினமும் பல கிலோமீட்டர் நடப்பவர்கள். ஹெர்மன் பான்சரும் அவர் குழுவினரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில் என்ன தெரிந்தது? உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால், ஒரு நாளில் அவர்கள் செலவழிக்கும் சக்தியும், நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்கும் மேற்கத்தியர்கள் செலவழிக்கும் சக்தியும் ஏறக்குறைய ஒன்றுதான். எடை குறைவதில் பெரும்பங்கு சாப்பாட்டைச் சேர்ந்தது. நடையிடம் அதைக் கேட்பது நியாயம் இல்லை.

சரி, நடை வேறென்ன செய்கிறது? உங்கள் கவலை சர்க்கரை என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை தானாகத் தசைக்குள் போய்விடாது. அதை உள்ளே கொண்டுபோகும் புரதங்கள் செல்லுக்குள் பதுங்கியிருக்கும். இன்சுலின் வந்து சொன்னால் அவை செல்லின் மேற்பரப்புக்கு வரும். உங்களைப் போல எல்லைக்கோட்டில் இருப்பவர்களிடம் பெரும்பாலும் இன்சுலினின் பேச்சு சரியாக எடுபடுவதில்லை. ஆனால் தசை சுருங்கி விரியும்போது, இன்சுலின் சொல்லாமலே அதே புரதங்கள் மேலே வருகின்றன. அதாவது நீங்கள் நடக்கும் அந்த நேரத்தில், இன்சுலினுக்குச் சரியாகப் பணியாத தொடைத் தசையும் கெண்டைக்கால் தசையும் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்கின்றன. நடந்து முடித்த பிறகும் ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் வரை தசை இன்சுலினின் சொல்லைக் கொஞ்சம் நன்றாகவே கேட்கும். அப்புறம் பழைய கதைதான். அதனால்தான் வாரக் கடைசியில் மொத்தமாக நடப்பதைவிட, இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாமல் நடப்பது சர்க்கரைக்கு நல்லது. சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் இன்னும் நல்லது. சர்க்கரை ஏறும் நேரமும் தசை வேலை செய்யும் நேரமும் ஒன்றாக அமையும்.

இதில் எதையும் எடை மிஷின் காட்டாது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனை காட்டும். இடுப்பளவு காட்டலாம், ஏனென்றால் எடை மாறாமலே வயிற்றுக்குள் உறுப்புகளைச் சுற்றியிருக்கும் கொழுப்பு குறைவது உண்டு. படுக்கையை விட்டு எழும் முன் பார்க்கும் நாடித்துடிப்பும் காட்டலாம். பழகிய இதயம் ஒரு துடிப்பில் அதிக ரத்தத்தை அனுப்பும், அதனால் ஓய்வில் மெதுவாகத் துடிக்கும்.

இதயம் என்றதும் ஜெரமி மோரிஸ் நினைவுக்கு வருகிறார். லண்டன் மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும் நடத்துனர்களையும் ஒப்பிட்டு 1953இல் இந்த பிரிட்டிஷ் மருத்துவர் வெளியிட்ட ஆய்வு, உடலுழைப்புக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராயும் துறையின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று. ஒரே வண்டி, ஒரே ஊர். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறார். நடத்துனர் டிக்கெட் கொடுக்க நாளெல்லாம் மாடிப்படி ஏறி இறங்குகிறார். மாரடைப்பு நடத்துனர்களுக்குத் தெளிவாகக் குறைவு. ஒல்லியான ஆட்கள்தான் நடத்துனர் வேலைக்குப் போனார்களோ என்ற சந்தேகம் வரும் அல்லவா? மோரிஸ் அதையும் விடவில்லை. சீருடைக் கால்சட்டைகளின் இடுப்பளவை வாங்கிப் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பு பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் ஒல்லி, நடுத்தரம், பருமன் என்று எந்த அளவில் பார்த்தாலும் நடத்துனர்களுக்கே ஆபத்து குறைவு. உங்கள் நண்பர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

உங்கள் பழக்கத்தில் இரண்டு மாற்றம் மட்டும் செய்யுங்கள். உலக சுகாதார நிறுவனம் கேட்கும் வாரத்துக்கு 150 நிமிடத்தை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். ஆனால் வேகம் போதுமா என்று பாருங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட மூச்சு போதக் கூடாது. இரண்டாவது, அதே நிறுவனம் வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்குப் பலம் தரும் பயிற்சியையும் சொல்கிறது. சர்க்கரையை வாங்கி வைக்கும் பெரிய இடம் தசைதான், அது வயதோடு கரைந்துகொண்டே வருகிறது. உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, கொஞ்சம் எடை தூக்குவது போதும்.

இனி அம்மா. ‘இந்த வயதில் எதற்கு’ என்று தயவுசெய்து விடாதீர்கள். 1966இல் அமெரிக்காவின் டல்லாஸில் ஓர் ஆய்வுக்காக 20 வயது இளைஞர்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கவைத்தார்கள். 30 ஆண்டுகள் கழித்து அதே ஐந்து பேரைச் சோதித்தபோது, ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனில் 30 ஆண்டு முதுமை செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்தது அதிகம் என்று தெரிந்தது. விழுவோம் என்று பயந்து உட்கார்ந்தால் கால் பலம் போகும், பலம் போனால் விழும் ஆபத்து இன்னும் கூடும். அந்தப் பலத்தை மீட்கவும் முடியும். மரியா ஃபியாடரோன் 1990இல் வெளியிட்ட ஆய்வில், முதியோர் இல்லத்தில் இருந்த 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடி இல்லாமல் நடந்தார்கள்.

அவரை உடனே நடைக்கு அழைக்க வேண்டாம். முதலில் டாக்டரிடம் காட்டி, எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் இறங்குகிறதா, தலைசுற்ற வைக்கும் மாத்திரை ஏதும் இருக்கிறதா என்று கேளுங்கள். பிறகு கைப்பிடி உள்ள கெட்டியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பாதம் இரண்டும் தரையில் படிய, உடம்பை முன்னால் சாய்த்து, கைப்பிடியை ஊன்றி எழட்டும். உட்காரும்போது தொப்பென்று விழாமல் மெதுவாக இறங்கட்டும், தொடைக்கு நல்ல வேலை அதில்தான். முடிந்த தடவை செய்தால் போதும். நெஞ்சு அழுத்தமோ தலைசுற்றலோ வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். சில வாரத்தில் கையை ஊன்றாமல் எழ முயல்வார். அதுவரை நீங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள்.