‘ஸ்மால் க்விபிள்’ என்றால் திட்டா?

கேள்வி: நான் எழுதிய அறிக்கையைப் படித்த மேலாளர், ‘ஜஸ்ட் ஒன் ஸ்மால் க்விபிள்’ என்று ஆரம்பித்து ஒரு திருத்தம் சொல்லியிருந்தார். அகராதியில் பார்த்தால் ‘அற்ப ஆட்சேபம்’ என்று போட்டிருக்கிறது. இது திட்டா? நிட்பிக், கேவில் என்பதெல்லாமும் இதேதானா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: திட்டே இல்லை, நிம்மதியாக இருங்கள். ஒருவர் தன்னுடைய ஆட்சேபத்தையே ‘ஸ்மால் க்விபிள்’ என்று சொன்னால், மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது, ஒரே ஒரு இடம்தான் இடிக்கிறது என்று பொருள். ஆங்கிலப் புத்தக மதிப்புரைகளில் பத்தி பத்தியாகப் பாராட்டிவிட்டுக் கடைசியில் ‘மை ஒன்லி க்விபிள்’ என்று தொடங்கி அச்சுப்பிழையையோ அட்டைப்படத்தையோ சொல்வார்கள், அந்த மாதிரி. ஆனால் எதிராளியைப் பார்த்து ‘யு ஆர் க்விப்ளிங்’ என்றால் கதையே வேறு. விஷயத்தை விட்டுவிட்டு வார்த்தையைப் பிடித்துத் தொங்குகிறாய், சும்மா நொட்டை சொல்கிறாய் என்று முகத்துக்கு நேராகச் சொல்வது அது.

நிட்பிக்கின் நேர்ப்பொருள் ஈர் எடுப்பது. பேச்சில் சகஜமாகப் புழங்கும், ஒவ்வொன்றாகத் தேடித் தேடிக் குறை பொறுக்குவதைச் சொல்லும். கேவில் எழுத்தில்தான் அதிகம் வரும், குதர்க்கம் என்ற வாடை அதில் தூக்கல். ஷேக்ஸ்பியரின் ‘நான்காம் ஹென்றி’ முதல் பாகத்தில் ஹாட்ஸ்பர், தகுதியுள்ள நண்பனுக்கு இதைப் போல மூன்று மடங்கு நிலத்தைத் தூக்கிக் கொடுப்பேன், ஆனால் பேரம் என்று வந்துவிட்டால் மயிரிழையில் ஒன்பதில் ஒரு பங்குக்கும் கேவில் செய்வேன் என்பான். அந்தச் சொல்லின் குணம் முழுக்க அதில் இருக்கிறது.

க்விபிள் என்ற சொல், லத்தீன் சட்டப் பத்திரங்களில் அடிக்கடி வரும் ‘குயிபஸ்’ என்பதிலிருந்து பிறந்திருக்கலாம் என்று அகராதிக்காரர்கள் கருதுகிறார்கள். சரி, சட்டத்தில் வார்த்தையைப் பிடித்துக்கொள்வது அவ்வளவு அற்பமா? அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் ஓக்ஹர்ஸ்ட் என்ற பால் நிறுவனத்தின் ஓட்டுநர்கள் ஓவர்டைம் கேட்டு வழக்குப் போட்டார்கள். எந்தெந்த வேலைக்கு ஓவர்டைம் கிடையாது என்று சொல்லும் சட்டப் பட்டியல் ‘பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிப்யூஷன்’ என்று முடிந்தது. ‘ஷிப்மென்ட்’டுக்குப் பிறகு கமா இல்லை. கமா இருந்திருந்தால் விநியோகமும் தனி வேலையாகிப் பட்டியலுக்குள் வந்திருக்கும். இல்லாததால், அனுப்பவோ விநியோகிக்கவோ பேக் செய்வது என்ற ஒரே வேலைதான் அது, நாங்கள் பேக் செய்வதில்லை, வண்டி ஓட்டுகிறோம் என்று அவர்கள் வாதாடினார்கள். வாசகம் தெளிவாக இல்லை, எனவே தொழிலாளிக்குச் சாதகமாகத்தான் படிக்க வேண்டும் என்று 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. மறு ஆண்டு 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது. ஒரு கமாவுக்காக!

அதனால்தான் அடுத்தவர் கேள்வியை க்விபிள் என்று தள்ளுவது எனக்குக் கொஞ்சமும் பிடிப்பதில்லை. நியாயமாகக் கேட்பவரின் வாயை அடைக்க இது சுலபமான வழி. உங்கள் ஆட்சேபம் தொகை, தேதி, மருந்தின் அளவு பற்றியது என்றால் நீங்களும் அடக்கத்துக்காக அதை க்விபிள் என்று எழுதாதீர்கள், ‘எரர்’ என்றே எழுதுங்கள். அப்புறம், க்விபிளுக்குப் பின்னால் ‘அபவுட்’ அல்லது ‘ஓவர்’, கேவிலுக்கு ‘அட்’.