கல்லமேடு – ஒரு கடிதம்

ஐயா,
இலங்கை மலையகத்து ஹட்டனில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். உலகின் மிகப் பெரிய டைனோசர் அரியலூர் பக்கம் கல்லமேட்டில் கிடைத்ததாமே? தமிழர் மண் என்பதால் மறைத்துவிட்டார்கள் என்கிறார் நண்பர் ஒருவர். நம் மலைகளிலும் கிடைக்குமா? மாணவர்களோடு தோண்டிப் பார்க்கலாமா?

அன்புள்ள தம்பி,

தோண்ட வேண்டாம். மலையகத்துப் பாறைகள் 50 கோடி ஆண்டுகளுக்கு முன்பே வெந்து உருமாறியவை. டைனோசர்கள் வந்தது அதற்கு வெகுகாலம் கழித்து. மண்வெட்டியை மரக்கறிப் பாத்திக்குக் கொடுங்கள்.

ஆனால் ‘மறைத்துவிட்டார்கள்’ என்பது விஞ்ஞான ஆசிரியர் எழுதும் பேச்சா? 1987இல் யாதகிரியும் அய்யாசாமியும் அதற்கு புருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டு ஊரறிய அறிவித்தார்கள். முதலில் ஊனுண்ணி என்றார்கள். நெடுங்கழுத்துத் தாவர உண்ணி என்பது பின்னால் வந்த திருத்தம். கிடைத்ததோ இடுப்பெலும்பு, தொடை எலும்பில் ஒரு துண்டு, 2 மீட்டர் நீளக் கீழ்க்கால் எலும்பு, இன்னும் சில. எல்லாம் தொட்டால் உதிரும் பதம். ஈரம் ஏறிப் பொடிந்தே போயின. மழைக்குத் தமிழன் யார், மற்றவன் யார்? இன்று மிஞ்சியிருப்பவை கோட்டுப் படங்களும் 2022இல் வெளியான பழைய புகைப்படங்களும்தான். அவற்றை வைத்து 100 டன்னுக்கு மேல் என்கிறார்கள். நீளத்தில் 10 சதவீதம் கூட்டிப் போட்டால், அதே அளவில் அகலமும் உயரமும் கூடி, எடை 33 சதவீதம் ஏறிவிடும், தம்பி! இந்தக் கணக்கை உங்கள் நண்பரைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

எங்கள் முன்னோரும் அந்தத் திருச்சிப் பக்கத்தவர்தான். ஒரு மாரியில் எங்கள் லயத்துக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டுக்) கூரைத் தகரம் பிய்ந்து, பிரஜாவுரிமைக் கடதாசிகள் இருந்த டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்தது. அப்பாயி ஒவ்வொன்றாகப் பிரித்து அடுப்புக்கு மேல் கொடியில் போட்டாள். புகையில் தாள்கள் மஞ்சளாகி, ஓரம் சுருண்டன. பாட்டனாரின் ஊர்ப் பெயரில் மை கரைந்து ‘பட்டி’ மட்டும் தெரிந்தது. திருச்சி ஜில்லாவில் எத்தனை பட்டிகள்! அந்த ஒரு ‘பட்டி’யைப் பிடித்துக்கொண்டு என் சித்தப்பா எங்களுக்கு ஒரு ஜமீனையே கட்டி எழுப்பினார், குதிரை லாயம்கூட இருந்தது. கூலிக்கு வந்த மனிதரின் உண்மையான ஊரைத் தேடிப் போக யாருக்கும் தோன்றவில்லை. ஜமீன் போதுமாயிருந்தது. உங்கள் நண்பரும் சித்தப்பாவின் கட்சி.

கோபிக்காதீர்கள். பிள்ளைகளை வெளியே கூட்டிப்போக நினைத்தீர்களே, அந்த மனசு எனக்குப் பிடித்திருக்கிறது. அவரவர் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பிறப்புப் பத்திரம், பழைய கடவுச்சீட்டு, தோட்டத்து ஆபீஸில் கேட்டால் காட்டுவார்கள் என்றால் செக்ரோல் என்னும் தொழிலாளர் பேர்ப் பதிவேடு, எல்லாவற்றையும் படமெடுக்கச் சொல்லுங்கள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டும். யார் வீட்டுடையது என்று கூடவே எழுதி, ஒரு பிரதியைப் பள்ளிக்கூடத்திலும் இன்னொன்றை வேறு ஊரிலும் வையுங்கள். வைகாசி மழைக்கு முன் முடித்துவிடுங்கள். படங்களை எனக்கும் அனுப்புங்கள்.