ஈர்ப்பு இரண்டு மடங்கானால் உயிர்கள் எப்படி இருக்கும்? கேள்வி பதில்

அண்ணா, பூமியைவிட ஐந்தாறு மடங்கு கனமான கோள் என்றால் ஈர்ப்பும் அத்தனை மடங்கு இருக்குமா?

இருக்காது தம்பி. நிறை கூடும்போது கோளும் பருத்துவிடுகிறது. நாம் நிற்கும் தரை மையத்திலிருந்து தள்ளிப்போகிறது. எல்எச்எஸ் 1140 பி என்ற கோளைப் பாருங்கள். 2017இல் கண்டுபிடிக்கப்பட்டது, சுமார் 49 ஒளியாண்டு தொலைவு. நிறை பூமியைப் போல் ஏறக்குறைய 5.6 மடங்கு, ஆரம் 1.73 மடங்கு. கணக்குப் போட்டால் ஈர்ப்பு 1.9 மடங்குதான் வருகிறது. அதனால் இங்கே எல்லாப் பதிலுக்கும் இரண்டு மடங்கு என்றே வைத்துக்கொள்கிறேன்.

விலங்குகள் எல்லாம் குள்ளமாகத்தான் இருக்குமா சார்?

தரையில் வாழ்பவை, பெரும்பாலும் ஆமாம். ஒரு விலங்கை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரட்டிப்பாக்கினால் எடை எட்டு மடங்காகும். அதைத் தாங்கும் எலும்பின் குறுக்குப் பரப்போ நான்கு மடங்குதான். கலிலியோ 1638இலேயே இதை விளக்கிவிட்டார். ஒட்டகச்சிவிங்கியின் இதயம் தலைக்கு ரத்தம் ஏற்ற இங்கேயே நம்மைப்போல் இரு மடங்கு அழுத்தம் கொடுக்கிறது. அங்கே அந்தக் கழுத்துக்கு வழியில்லை.

ஆனால் எலும்பைவிட எனக்குப் பெரிதாகப் படுவது விழுவதுதான். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழ இங்கே 0.45 விநாடி, அங்கே 0.32. தடுக்கினால் காலை ஊன்றிச் சுதாரிக்க அவ்வளவு நேரம்தான், அடியும் இரட்டிப்பு. இரண்டு காலில் நிமிர்ந்து நடப்பது அங்கே ஆபத்தான பிழைப்பு. தரையோடு ஒட்டிய உடல், ஆறு கால் என்பது என் ஊகம்.

இதெல்லாம் கற்பனைதானா, சோதித்தவர்கள் உண்டா?

உண்டு. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் கோழிகளை மாதக்கணக்கில் மையவிலக்கு எந்திரத்தில் (சுழற்றிச் சுழற்றி, ஈர்ப்பு கூடியதுபோல் உடலில் எடை ஏற்றும் எந்திரம்) சுழலவிட்டு வளர்த்தார்கள். கால் தசை பெருத்தது, கொழுப்பு குறைந்தது. 2011இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஈ.கோலை உள்ளிட்ட பாக்டீரியாக்களைப் பூமி ஈர்ப்பைப்போல் 4 லட்சம் மடங்கில் சுழற்றினார்கள். அதிலும் அவை பெருகின! நுண்ணுயிர் பெருகி வாழ்வதற்கு ஈர்ப்பு தடையே அல்ல என்று நான் அடித்துச் சொல்வது இதை வைத்துத்தான்.

கடலில்?

மீனின் எடை கூடும் அளவுக்கு அதைத் தாங்கும் மிதப்பு விசையும் கூடும். அதனால் திமிங்கில அளவு உயிர்கூட அங்கே நீந்தலாம். ஆழத்தில் அழுத்தம் மட்டும் இரு மடங்கு வேகத்தில் ஏறும். கரையேறுவதுதான் கஷ்டம்; கரை ஒதுங்கிய திமிங்கிலம் இங்கேயே தன் எடையில் நசுங்கி மூச்சுத் திணறுகிறது.

மரம், பறவை?

கலிஃபோர்னியாவின் ரெட்வுட் மரங்களில் உயர்ந்தது இங்கே 115 மீட்டரைத் தாண்டுகிறது. நீரை உச்சிக்கு இழுக்கும் சிரமம்தான் அதற்கு மேல் விடுவதில்லை. அங்கே ஏறக்குறைய பாதி. பறவையின் பாடு காற்றைப் பொறுத்தது. காற்று அடர்த்தியாக இருந்தால் தாராளமாகப் பறக்கலாம்.

என் மகள் கேட்கிறாள்: எறும்பு என்ன ஆகும்?

எறும்பு எறும்பாகவே இருக்கும் என்று சொல்லுங்கள் அக்கா. அந்தச் சின்ன உடலுக்கு எடையைவிட, துளியில் ஒட்டிச் சிக்கவைக்கும் நீரின் பரப்பு இழுவிசைதான் பெரிய பகை. அங்கே மழைத்துளிகூடக் கொஞ்சம் சிறுத்துத்தான் விழும்.