வர்த்தக ஒப்பந்தங்களும் மாநிலச் சட்டமன்றங்களும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

உலக வர்த்தக அமைப்பு அமெரிக்க மாநிலச் சட்டம் ஒன்றுக்கு எதிராக முடிவளித்தால், அச்சட்டம் உடனே செல்லாததாகிவிடுமா? (சட்ட மாணவர், திருச்சி)

ஆகாது. 1994ஆம் ஆண்டின் உருகுவே சுற்று ஒப்பந்தங்கள் சட்டம், 102ஆம் பிரிவின்படி, ஒப்பந்தத்திற்கு முரணானது என்ற காரணத்தைச் சொல்லி மாநிலச் சட்டத்தைச் செல்லாததாக்கக் கோரும் உரிமை அமெரிக்க மத்திய அரசுக்கு மட்டுமே உண்டு. வாஷிங்டன், கலிபோர்னியா உள்ளிட்ட 8 மாநிலங்கள் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் துறையில் உள்ளூர்த் தயாரிப்புக்கு அளித்த சலுகைகளை எதிர்த்து இந்தியா தொடுத்த வழக்கில், 2019இல் விசாரணைக் குழு இந்தியாவுக்குச் சாதகமாகவே முடிவு சொன்னது. மேல்முறையீடு விசாரணைக்கு வராமலே கிடந்தது. 2023இல் இரு அரசுகளும் பேசி வழக்கை முடித்துக்கொண்டன.

மெத்தனெக்ஸ் நிறுவனத்திற்கு கலிபோர்னியா 100 கோடி டாலர் கொடுத்ததைப் போல மற்ற மாநிலங்களும் கொடுக்க நேருமா? (வாசகர், நியூ ஜெர்சி)

கலிபோர்னியா ஒரு டாலர்கூடக் கொடுக்கவில்லை. கேட்ட தொகையையும் கிடைத்த தொகையையும் ஒன்றாக்கி எழுதுவதற்கு முன் தீர்ப்பின் கடைசிப் பக்கத்தையாவது புரட்டியிருக்கலாம். பெட்ரோலில் எம்.டி.பி.இ. என்ற வேதிப்பொருளைக் கலப்பதற்கு அம்மாநிலம் விதித்த தடையை எதிர்த்து அந்தக் கனடா நிறுவனம் வட அமெரிக்கத் தடையற்ற வர்த்தக ஒப்பந்தத்தின் (நாஃப்டா) கீழ் கிட்டத்தட்ட 100 கோடி டாலர் கோரியது. 2005இல் கோரிக்கை தள்ளுபடியாகி, சுமார் 40 லட்சம் டாலர் செலவுத்தொகை அதன் தலையிலேயே விழுந்தது. கவலைப்பட வேண்டிய செய்தி வேறொன்று: மாநிலத்தின் நடவடிக்கை மீதான அவ்வழக்கில் எதிர்வாதி மத்திய அரசுதான், மாநிலம் ஒரு தரப்பாகவே இல்லை.

பர்மாவில் தொழில் செய்யும் நிறுவனங்களிடம் அரசு வாங்குவதைக் கட்டுப்படுத்திய மாசசூசெட்ஸின் பர்மாச் சட்டத்தை ரத்து செய்தது உலக வர்த்தக அமைப்புதானே? (வாசகர், கோவை)

இல்லை, அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஆண்டு 2000. ஐரோப்பிய ஒன்றியமும் ஜப்பானும் ஜெனீவாவில், அந்த அமைப்பில் தொடங்கிய வழக்கு முடிவை எட்டவில்லை.

அரசுக் கொள்முதல் விதிகளுக்கு மாநிலம் கட்டுப்பட ஆளுநரின் கையொப்பம் போதுமா, சட்டமன்றத்தின் ஒப்புதலும் வேண்டுமா? (ஆய்வு மாணவி, சென்னை)

பல ஆண்டுகளாக நான் முறையிட்டு வரும் விஷயம் இது. எந்தப் பொருளை யாரிடம் வாங்குவது, உள்ளூர் நிறுவனத்திற்கு முன்னுரிமை உண்டா என்பதையெல்லாம் விவாதித்துச் சட்டமாக்குவது மாநிலச் சட்டமன்றம். அந்தச் சட்டத்தின் கையைக் கட்டிப்போடும் ஒப்புதலோ, வெளிநாடுகளுடன் பேச்சு நடத்தும் அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி அலுவலகத்தின் கடிதத்திற்கு ஆளுநர் (அங்கே தேர்தலில் வென்று மாநில அரசை நடத்துபவர்) எழுதும் பதில் கடிதம் ஒன்றிலேயே முடிந்துவிடுகிறது. விவாதமும் இல்லை, வாக்கெடுப்பும் இல்லை. உலக வர்த்தக அமைப்பின் 1994ஆம் ஆண்டு அரசுக் கொள்முதல் ஒப்பந்தத்தில் 37 மாநிலங்கள் இப்படித்தான் இடம்பெற்றன. பின்னாளில் விழிப்பு வந்தது. பெரு நாட்டுடன் அமெரிக்கா செய்த வர்த்தக ஒப்பந்தத்தில் பத்துக்கும் குறைவான மாநிலங்களே சேர்ந்தன. கொரிய ஒப்பந்தத்தின் கொள்முதல் அத்தியாயத்தில் மாநிலங்களே இல்லை. மேரிலாந்து இன்னும் உறுதியாக நின்றது: சட்டமன்றத்தின் அனுமதியின்றி ஆளுநர் மாநிலத்தைக் கட்டுப்படுத்தக்கூடாது என்ற சட்டத்தை, ஆளுநர் எர்லிக் தடுப்பதிகாரத்தை (வீட்டோ) பயன்படுத்திய பிறகும், 2005இல் நிறைவேற்றியது. மற்றவர்களும் இதைப் பார்த்து எழுதிக்கொள்ளலாம். புதிதாக யோசிக்க ஒன்றுமில்லை.

கொள்முதல் ஒப்பந்தத்தின் முன்னுரையை வைத்துக்கொண்டு வாதாடாதீர்கள், எந்த மாநிலம், எந்த விலக்கு என்று பட்டியலிடும் இணைப்பைப் படியுங்கள் என்று எத்தனை முறை சொன்னாலும் தகும். சில மாநிலங்களின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருக்கும்; கட்டுமான எஃகு, மோட்டார் வாகனங்கள், நிலக்கரி ஆகிய மூன்றையும் அவை விலக்கி வைத்திருக்கின்றன என்பது அதன் பொருள். ஹவாய், தன் மாநிலத்தில் உருவாக்கப்பட்ட மென்பொருளை விலக்கிக்கொண்டது. சரக்குக் கொள்முதல் சுமார் 5 லட்சம் டாலரைத் தாண்டினால்தான் இவ்விதிகள் பொருந்தும். கேட்டவர்களுக்கு விலக்கு கிடைத்திருக்கிறது. கேட்கத் தெரியாத மாநிலங்கள் முழுமையாக உள்ளே போயின. ஒருமுறை உள்ளே போனபின் வெளியேற விரும்பினால் மற்ற நாடுகள் ஈடு கேட்கும்.

ஒரு மாநிலம் தானே வெளிநாட்டுடன் வர்த்தக ஒப்பந்தம் செய்யலாமா? (வாசகர், டெக்சஸ்)

அரசியலமைப்பின் முதல் விதி, 10ஆம் பிரிவு, உடன்படிக்கை செய்வதைத் தடுக்கிறது. 2022இல் இண்டியானா பிரிட்டனுடன் கையொப்பமிட்டது புரிந்துணர்வுக் குறிப்பு மட்டுமே. அதனால் எந்தச் சுங்க வரியும் குறையாது.

பேச்சுவார்த்தை நடக்கும்போதே சட்டமன்ற உறுப்பினர்கள் வரைவைப் பார்க்க வழி உண்டா? (வாசகர், மதுரை)

மிகக் குறுகிய வழிதான். வர்த்தகப் பிரதிநிதிக்கு ஆலோசனை சொல்லும் மாநில, உள்ளாட்சிப் பிரதிநிதிகள் குழு ஒன்று உண்டு. ஆனால் அதன் உறுப்பினர்கள் தாங்கள் பார்த்த வரைவைப் பற்றிச் சொந்தச் சட்டமன்றத்திலேயே பேச முடியாதபடி இரகசியக் காப்பு விதிகள் தடுக்கின்றன. இதற்கு மாற்றாக, சட்டமன்ற உறுப்பினர்களையும் குடிமக்களையும் சேர்த்து, பொது விசாரணை நடத்தும் வர்த்தகக் கொள்கை ஆணையத்தை மெய்ன் மாநிலம் சட்டப்படி அமைத்தது. அத்தகைய ஆணையம் வரைவைக் கைப்பற்றித் தராது. மாநிலத்தின் எந்தெந்தச் சட்டங்கள் இடறக்கூடும் என்று முன்கூட்டியே பட்டியலிடும். கையில் அந்தப் பட்டியல் இல்லாமல் விலக்கு கேட்க முடியாது. இங்கும் சொல்கிறேன்: இணைப்பைப் படியுங்கள்.

இந்தியாவில் நம் சட்டமன்றத்திற்கு வர்த்தக ஒப்பந்தத்தைத் தடுக்கும் அதிகாரம் உண்டா? (வாசகர், தஞ்சாவூர்)

இல்லை. வேளாண்மை மாநிலப் பட்டியலில் இருந்தாலும், சர்வதேச ஒப்பந்தத்தை நிறைவேற்ற எப்பொருளிலும் சட்டமியற்றும் அதிகாரத்தை இந்திய அரசியலமைப்பின் 253ஆம் விதி நாடாளுமன்றத்திற்கு அளிக்கிறது. கையொப்பமிடுவதற்கு முன் நாடாளுமன்றத்தின் ஒப்புதல்கூடக் கட்டாயமில்லை. சட்டமன்றத் தீர்மானம் கோரிக்கையாகத்தான் டெல்லிக்குப் போகும்.