ஐந்நூறில் ஒன்று

தட்டும் ஊசியும்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் இசைத்தட்டுக் கருவிக்கு ஊசி மாற்றுவது பற்றி எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "லிமிட்டெட் எடிஷன்", அதாவது இத்தனைதான் என்று எண்ணி அடிக்கிற தட்டுகளைப் பற்றியே கேட்கின்றன. ஆகவே இம்முறை முழுக்க அதுதான்.

*

கேள்வி: அண்ணை, லண்டனில் இருக்கிற அக்கா ஒரு எல்.பி. (பல பாட்டுகள் அடங்கிய பெரிய இசைத்தட்டு) வாங்கி அனுப்பப் போகிறா. கறுப்புத் தட்டு 25 பவுண். அதே பாட்டுகள் பச்சை நிறத்தில், 500 மட்டும் அடித்து எண் போட்டது 42 பவுண். பச்சைத் தட்டு கூட நல்லாய்ப் பாடுமா?
– வாசகர், கொக்குவில்

பதில்: தம்பி, பாட்டு ஒன்றுதான். லாக்கர் என்கிற மெருகுப்பூச்சுப் பூசிய தட்டில் முதலில் பள்ளம் வெட்டுவார்கள். அதன்மேல் வெள்ளி தெளித்து, நிக்கல் படியவிட்டு, கடைசியில் ஸ்டாம்பர் என்கிற உலோக அச்சை எடுப்பார்கள். இரண்டு அச்சுக்கும் நடுவில் சூடான பி.வி.சி.யை வைத்து அமத்தினால் தட்டு. பி.வி.சி.க்கு இயல்பில் நிறமில்லை. கரித்தூள் சேர்ப்பதால் கறுப்பு, பச்சைச் சாயம் சேர்த்தால் பச்சை. 180 கிராம் என்று பெருமையாக ஒட்டியிருப்பதும் அப்படித்தான். பாரமான தட்டு கையில் பிடிக்க நல்லாயிருக்கும், லேசில் வளையாது. பள்ளத்தில் இருப்பது மாறாது. படத்தட்டு மட்டும் வேறு சாதி. படத்தின் மேல் ஒட்டிய மெல்லிய படலத்தில்தான் பள்ளம் பதிகிறது, அதனால் இரைச்சல் கூட. கேட்கத்தான் வாங்குகிறீர் என்றால் அதை விடும்.

நிறத்தட்டில் ஆசைப்படுவது பிழை என்று நான் சொல்லமாட்டேன். என்னிடம் ஒரு சிவப்புத் தட்டு இருக்கிறது. பின்னேர வெயில் யன்னலால் விழும் நேரம் அதைத் தூக்கிப் பிடித்தால் பள்ளங்கள் எல்லாம் நெருப்புக் கோடாகத் தெரியும். அதைப் பார்க்கவே சில நாள் எடுத்து வைப்பேன். ஆனால் உமக்கு இதுதான் முதல் தட்டு என்கிறீர். கறுப்பை வாங்கச் சொல்லும். மிச்சம் 17 பவுணுக்கு அக்காவால் அங்கே ஒரு பழைய தட்டும் தேடி எடுக்கலாம்.

*

கேள்வி: ஐயா, நான் ரொறொன்ரோவில் இருக்கிறேன், ஊர் கரவெட்டி. ஒவ்வொரு ஏப்ரலும் றெக்கோர்ட் ஸ்டோர் டே (இசைத்தட்டுக் கடை நாள்) அன்று விடியப்புறம் எழும்பிக் கடை வாசலில் வரிசையில் நிற்பேன். இம்முறை எனக்கு முன்னால் நின்றவர் கடைசித் தட்டை வாங்கினார். அன்று பின்னேரமே அதே தட்டு இணையத்தில் மூன்று மடங்கு விலைக்குக் கிடந்தது. அழுகை வந்தது. இது கலைஞர்களுக்கு உதவியா, எங்களைச் சுரண்டுவதா?
– வாசகர், ரொறொன்ரோ

பதில்: அந்த நாள் எதற்காகத் தொடங்கியது என்பதை முதலில் பாருங்கள். 2007இல் அமெரிக்காவின் தனிக்கடைக்காரர்கள் கூடிக் கதைத்து, 2008 ஏப்ரலில் முதன்முறையாக நடத்தினார்கள். கசெற்றும் சி.டி.யும் தாண்டி எல்லாம் தரவிறக்கமாகிய காலம். கடைகள் ஒவ்வொன்றாகப் பூட்டுப்பட்டன. அன்றைக்கு மட்டும், கடைக்கு நேரே வந்தால் மட்டும் கிடைக்கும் தட்டு என்றால் சனம் வரும் என்று நினைத்தார்கள். வந்தது. 2022இல் அமெரிக்காவில் சி.டி.யை விட இசைத்தட்டு எண்ணிக்கையில் கூடுதலாக விற்றது; 1987க்குப் பிறகு அதுதான் முதல் முறை. இதில் அந்தக் கடைகளின் பங்கு சின்னதில்லை.

குறைவாக அடிப்பதற்கு நேர்மையான காரணம் இருக்கிறது. லாக்கர் வெட்டுவதற்கும் அச்சு எடுப்பதற்கும் 300 தட்டு அடித்தாலும் 3,000 அடித்தாலும் அதே செலவு. சின்னக் கம்பெனி ஒன்று 3,000 அடித்து 2,500ஐக் கட்டிலுக்குக் கீழே அடுக்கி வைத்தால் அடுத்த தட்டே வராது. லாக்கர் தட்டு செய்கிறவர்களும் உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். 2020 பெப்ரவரியில் கலிபோர்னியாவின் பானிங் நகரில் இருந்த தொழிற்சாலை எரிந்தபோது, அதற்கு ஈடாக ஜப்பானில் ஒன்று மட்டுமே மிஞ்சியது. அதற்குப் பின் வந்த பெருந்தொற்றுக் காலத்தில் தட்டுக் கேட்கிற சனம் கூடியது, சின்னக் கம்பெனிகள் அச்சடிக்க மாதக்கணக்கில் காத்திருந்தன. இருநூறு தட்டாவது கைக்கு வந்ததே பெரிய காரியம் என்றிருந்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் எண் போட்டு விற்பதில் எனக்கு ஒரு குறையுமில்லை.

என் கோபம் இன்னொரு பக்கம். எத்தனை ஆயிரமும் அடிக்க வசதியுள்ளவர்கள் ஒரே பாட்டுத் தொகுதியை ஏழு நிறத்தில், ஏழு உறையில் விட்டு, ஒவ்வொன்றையும் "இதோடு முடிந்தது" என்கிறார்கள். அந்தக் கலைஞரில் உயிரையே வைத்திருக்கிற பதினாறு வயதுப் பிள்ளை ஏழையும் வாங்கும். அந்தப் பிள்ளையின் அன்பை இப்படி விலை பேசுவது எனக்குப் பொறுக்காது. 2024இல் பாடகி பில்லி ஐலிஷ் இந்தப் பழக்கம் வீண்விரயம் என்று வெளிப்படையாகவே சொன்னா. பெரிய இடத்தில் இருக்கும் ஒருவர் சொன்னது எனக்கு ஆறுதல்.

உங்களுக்கு முன்னால் நின்றவருக்கு வருவோம். கேட்கிறதற்கு வாங்கி, பிறகு காசுமுடை வந்து விற்றால் அது வேறு. வாங்கும்போதே விற்கிறதற்கென்று வாங்குகிறவர், விடிய நாலு மணிக்குக் குளிரில் நின்ற உங்களிடமிருந்து பாட்டைப் பறிக்கிறார். மூன்று மடங்கு கொடுத்து அவரிடம் வாங்காதேயுங்கோ. பொறுங்கள். முதல் மாதச் சூடு ஆறியதும் இப்படியான தட்டுகள் பலதின் விலை இறங்குவதைக் கன தடவை பார்த்திருக்கிறேன். கடைக்காரரிடமும் சொல்லி வையுங்கள். வருடம் முழுக்க வந்துபோகிற முகத்தை நல்ல கடைக்காரர் மறக்கமாட்டார்.

*

கேள்வி: அப்பா விட்டுப்போன இசைத்தட்டுகள் முப்பது மட்டில் இருக்கின்றன. சில கனமாக, உடைகிற மாதிரி இருக்கின்றன. ஒருவர் வந்து "இதெல்லாம் அரிய பதிப்பு" என்று மொத்தமாக விலை கேட்கிறார். கொடுக்கலாமா?
– ஆசிரியை, சாவகச்சேரி

பதில்: பிள்ளை, அவசரப்படாதேயும். கனமாக இருப்பவை நிமிடத்துக்கு 78 தரம் சுழலும் அரக்குத் தட்டுகள். ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேலே பாடும், கைதவறினால் பீங்கான் மாதிரிச் சிதறும். எல்.பி. ஊசியை அவற்றில் வைக்க வேண்டாம், 78க்குத் தனித் தடிப்பான ஊசி வேண்டும். கழுவுவதென்றால் கார் பற்றறிக்கு ஊற்றுகிற வடித்த தண்ணீர் போதும் (அசிட் இல்லை, தண்ணீர்). லேபல் நனையக்கூடாது. அரக்குத் தட்டில் ஸ்பிரிட் படவே கூடாது, கரைந்துவிடும். பிறகு ஒவ்வொன்றிலும் லேபலையும், லேபலுக்கு வெளியே மினுங்குகிற வெறும் வட்டத்தில் கீறியிருக்கும் எண்ணையும் ஒரு கொப்பியில் எழுதும். அந்த எண் தெரியாமல் விலை பேசுவது தோட்டை நிறுக்காமல் விற்கிற மாதிரி.

"அரிய பதிப்பு" என்று அவர் சொன்னதில் என் மனம் நின்றுவிட்டது. உம்முடைய அப்பாவின் தட்டுகளை யாரும் ஐந்நூறோடு நிறுத்தவில்லை. கல்கத்தா டம்டம் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கில் அடித்துக் கப்பலில் வந்தவைதான் எங்கட ஊரில் பாடின. நான் பதினாலு வயதில் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு லவுட்ஸ்பீக்கர் கடையில் எடுபிடியாக நின்றேன். கோயில் திருவிழா, கலியாணம் எங்கும் தகரப் பெட்டியில் தட்டுகளை அடுக்கிச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போவேன். ஒரே தட்டு ஒரு இரவில் நாலு தரம் சுற்றும். தேய்ந்தால் முதலாளி பட்டணத்துக்குப் போய் இன்னொன்று வாங்கி வருவார். கிடைக்காதே என்ற பயம் அப்போது இருக்கவில்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு. போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த இரவு. மழை. நாவற்குழிப் பாலத்தால் நடந்தோம். அந்தத் தகரப் பெட்டி கடை முடங்கியபின் என்னிடம்தான் இருந்தது, ஏறக்குறைய இருநூறு தட்டு. அம்மாவைச் சைக்கிளில் இருத்தியபின் பெட்டிக்கு இடமில்லை. அடுத்த வருடம் திரும்பி வந்தபோது பெட்டி முற்றத்தில் கவிழ்ந்து கிடந்தது. எல்.பி.கள் வெயிலில் உருகிக் கிண்ணம் மாதிரிக் குழிந்திருந்தன. ஒன்றுக்குள் மழைத்தண்ணீரும் வேப்பம் சருகும். உறைகளைக் கறையான் முடித்துவிட்டது. பதினொரு தட்டுத்தான் தேறியது. ஐந்நூறில் இத்தனையாவது என்று அவற்றில் எண் ஒன்றும் குத்தியில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களோடு, வேறெங்கும் பிரதி இல்லாத ஏடுகளும் போயின. எங்களிடம் ஒரு பொருள் அரிதாகிறது என்றால் பெரும்பாலும் அப்படித்தான் ஆகியிருக்கிறது.

அதனால் விற்பதோ வைப்பதோ உம்முடைய விருப்பம், வீட்டில் தேவை இருக்கும். ஆனால் வெளியே போகமுன்னம் ஒவ்வொரு தட்டையும் கணினியில் பிரதி எடுத்துவிடும். எங்கட தவிற்காரர், நாதஸ்வரக்காரர் யாருடைய பதிவாவது இருந்தால், யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில் ஒரு பக்கம் இருந்தாலும், எனக்கு ஒரு வரி எழுதும். நான் என் கருவியைத் தூக்கிக்கொண்டு சாவகச்சேரிக்கு வருகிறேன். காசு வேண்டாம்.

*

கேள்வி: எண் போட்ட தட்டுகளை உறை பிரிக்காமல் வைத்தால்தானே மதிப்பு? நான் ஆறு தட்டு அப்படியே வைத்திருக்கிறேன்.
– வாசகர், சுன்னாகம்

பதில்: இந்த ஊரில் அது மதிப்பைக் காப்பாற்றாது. வெளியே சுற்றிய பிளாஸ்ரிக் காலப்போக்கில் இறுகும், சித்திரை வெக்கையில் அஸ்பெஸ்டஸ் கூரைக்குக் கீழே தட்டு அதோடு சேர்ந்து வளையும். ஐப்பசி மழைக்கு உள்ளே பூஞ்சணம். ஆறையும் பிரித்து, நிமிர்த்தி வையுங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். நாலு வருடத்துக்கு முன் லண்டனில் இருக்கும் பெறாமகன் என் பிறந்தநாளுக்கு ஒரு நாதஸ்வர மறுபதிப்பு அனுப்பினான். 500இல் 217. பிரிக்கவே மனமில்லாமல் ஏழு மாதம் அலுமாரிக்கு மேல் வைத்திருந்தேன். ஒருநாள் பிரித்துப் போட்டால் சுருதி ஆடுகிறது. நடு ஓட்டை ஒரு பக்கம் தள்ளிக் குத்தியிருக்கிறார்கள். எல்.பி. ஒரு சுற்றுச் சுற்ற 1.8 செக்கன். ஒவ்வொரு 1.8 செக்கனுக்கும் நாதஸ்வரத்தில் நீட்டிப் பிடித்த அந்தக் கார்வை மேலே போய்க் கீழே வந்தது. கொம்பனிக்கு எழுதினேன். எல்லாம் விற்று முடிந்தது, மாற்றித் தர வேறு தட்டு இல்லை, திருப்பி அனுப்பினால் காசு தருவோம் என்று பதில்.

இரண்டு கிழமை யோசித்தேன். பிறகு மெல்லிய வட்ட அரம் எடுத்து ஓட்டையை ஒரு பக்கமாக மயிரிழை மயிரிழையாக அராவினேன். தூளை ஊதித் துடைத்து, தட்டைச் சுழல்மேசையில் வைத்துச் சுற்றவிட்டு, ஊசிக்கை இடம் வலமாக ஆடுகிறதா என்று பார்ப்பது, விரலால் கொஞ்சம் தள்ளுவது, திரும்பவும் பார்ப்பது. ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போனது. இனி அந்த 217ஐ எந்தச் சேகரிப்பாளரும் வாங்கமாட்டார். பொழுதுபடும் நேரம் ஊசிக்கை ஆடாமல் நின்றது. கார்வையும் ஆடாமல் நின்றது. அடுத்த வீட்டு ஆச்சி வேலிக்கு அந்தப் பக்கத்தில் நின்று, "தம்பி, கொஞ்சம் கூட்டிவிடு" என்றா.